இண்டிகேட்டருடன் லைட் சுவிட்ச்: எந்த வயர் எங்கே போக வேண்டும்

சுவிட்ச் ஓரிடம், லைட் இன்னோரிடம். குளியலறை, ஸ்டோர் ரூம், மாடிப்படி, காம்பவுண்டு லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் என்று கண்ணில் படாத இடத்தில் ஓடும் எதற்கும் சுவிட்ச் பக்கத்திலேயே ஒரு சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், அணைத்தோமா இல்லையா என்று எட்டிப் பார்க்கும் வேலை மிச்சம். ஒரு இண்டிகேட்டர், இரண்டு துண்டு வயர், ஒரு மணி நேரம் போதும். புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: இண்டிகேட்டரின் இரண்டாவது கால் (வயர் மாட்டும் முனை) எங்கே போகிறது என்பதில்.

இங்கே சொல்லும் அளவுகள் 220–240 வோல்ட் வீட்டு வயரிங்குக்கு. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மட்டுமே வயரிங்கில் கை வைக்கலாம் என்று விதி இருக்கும் இடத்தில் அவரிடமே விடுங்கள். பக்கத்தில் நின்று சரி பார்க்கவாவது இது உதவும்.

1. இண்டிகேட்டர் எதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள்

கடையிலிருந்து வரும் இண்டிகேட்டர் ஒன்றுதான். அதை மூன்று விதமாக இணைக்கலாம், மூன்றுக்கும் அர்த்தம் வேறு. இதைத் தீர்மானிக்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், வேலை முடிந்த பிறகு “ஆன் பண்ணினால் அணையுது, ஆஃப் பண்ணினால் எரியுது” என்று முழிக்க வேண்டி வரும்.

முதல் விதம், லைட் எரியும்போது இண்டிகேட்டரும் எரிவது. ஒரு கால் சுவிட்சின் அவுட்புட்டில், அதாவது லைட்டுக்குப் போகும் வயர் மாட்டிய முனையில். இன்னொரு கால் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரில். சுவிட்சைப் போட்டால் அவுட்புட்டுக்கு பேஸ் (உயிருள்ள வயரின் கரண்ட்) வரும், இண்டிகேட்டருக்கும் 230 வோல்ட் கிடைக்கும். பைலட் லைட் என்பது இதுதான். இந்த வழிகாட்டி இதற்குத்தான்.

இரண்டாவது விதம், லைட் அணைந்திருக்கும்போது இண்டிகேட்டர் எரிவது. இருட்டில் சுவிட்சைத் தேட உதவும். ஒரு கால் சுவிட்சின் இன்புட்டில், இன்னொன்று அவுட்புட்டில். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது இண்டிகேட்டர் வழியாக, லைட்டின் உள்ளே நுழைந்து, மிகச் சிறிய கரண்ட் நியூட்ரலுக்குப் போகும். சுவிட்சைப் போட்டால் இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும், இண்டிகேட்டர் அணையும். இதற்கு போர்டில் நியூட்ரல் தேவையில்லை.

மூன்றாவது, எப்போதும் எரிவது. ஒரு கால் இன்புட் பேஸில், இன்னொன்று நியூட்ரலில். போர்டுக்கு கரண்ட் வந்திருக்கிறதா என்று மட்டும் காட்டும். பிளக் பாயின்ட் இருக்கும் போர்டுகளில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பைலட் லைட் காட்டுவது லைட் வயரில் மின்னழுத்தம் இருக்கிறது என்பதை மட்டும்தான். மேலே பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் இண்டிகேட்டர் எரியும். அதேபோல் இண்டிகேட்டர் எரியவில்லை என்பதை நம்பி வயரைத் தொடக்கூடாது. இண்டிகேட்டரே செத்துப் போயிருக்கலாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பொருள்கள்: 230–240 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட ஒரு மாட்யூல் இண்டிகேட்டர், ஏற்கெனவே உள்ள சுவிட்ச் பழுதாக இருந்தால் மட்டும் புதிய 6 ஆம்பியர் ஒன் வே சுவிட்ச், 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்எம் செப்பு வயர் அரை மீட்டர் (பேஸுக்கு ஒரு நிறம், நியூட்ரலுக்கு ஒரு நிறம்), ஒரு ஸ்க்ரூ கனெக்டர், இன்சுலேஷன் டேப்.

கருவிகள்: கைப்பிடி மூடிய ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், வயர் ஸ்ட்ரிப்பர், லைன் டெஸ்டர், மல்டிமீட்டர், ஒரு டார்ச். ஹோல்டரில் மாட்டிய சாதாரண குண்டு பல்பில் இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லாம்ப் இருந்தால் ரொம்ப நல்லது. டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்று 4-ஆவது படியில் தெரியும்.

இண்டிகேட்டர் வாங்கும்போது ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் பாகம்) உள்ளேயே இருப்பதைப் பாருங்கள். சுவிட்ச் போர்டுக்கென்று வரும் மாட்யூல்களில் அது இருக்கும். இண்டிகேட்டருக்குள் எரிவது பெரும்பாலும் ஒரு குட்டி நியான் பல்பு. அதை மட்டும் வாங்கி நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். நியான் பற்றிக்கொண்ட பிறகு அதன் மேல் சுமார் 60 வோல்ட்தான் நிற்கும். மீதி 170 வோல்ட்டை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். அதைத் தாங்குவது ரெசிஸ்டர். 220 கிலோ ஓம் போட்டால் கரண்ட் 0.8 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். கால் வாட் ரெசிஸ்டரே சூட்டைத் தாங்கும் என்றாலும், அதன் மின்னழுத்தத் தாங்குதிறன் 250 வோல்ட் அளவில் முடிந்துவிடுவதால் அரை வாட் போடுவதே சரி.

கரண்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம். இப்படி ஒரு நியான் வருடம் முழுக்க அணையாமல் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்தான்.

இண்டிகேட்டர் சேர்ந்தே வரும் சுவிட்சும் உண்டு. மூன்று முனை இருந்தால் (இன்புட், அவுட்புட், நியூட்ரல்) அது பைலட் வகை. இரண்டே முனை இருந்து உள்ளே விளக்கும் இருந்தால் அது ஆஃபில் எரியும் வகை. பெட்டியின் மேல் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட முனைகளை எண்ணிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

3. கரண்டை நிறுத்துங்கள், நின்றதை நிரூபியுங்கள்

டிபி-யில் (வீட்டு கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) அந்த லைட் சர்க்யூட்டின் எம்சிபி-யை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்குங்கள். எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். எம்சிபி மேல் டேப் ஒட்டி “வேலை நடக்கிறது” என்று எழுதுங்கள். வீட்டில் இன்னொருவர் “ஏன் கரண்ட் இல்லை?” என்று தூக்கிவிடுவது அபூர்வமல்ல.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இதோடு முடியாது. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, லைட் சர்க்யூட்டுக்குத் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் அனுப்ப ஆரம்பிக்கும். மெயின் கீழே இருக்கும், போர்டு உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரையும் அணையுங்கள்.

பிறகு சோதனை, மூன்று கட்டமாக. டெஸ்டரையோ மீட்டரையோ முதலில் கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து வேலை செய்யப் போகும் போர்டில். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் அது மூன்றாவது கட்டத்தில்தான் தெரியும். மெயினையே இறக்கியிருந்தால், முதல் சோதனையை இறக்கும் முன்னும், மூன்றாவதை மீட்டருக்குள் புது பேட்டரி, ப்ரோபுகளைத் தொட வைத்தால் பஸ்ஸர் ஒலிக்கிறது என்பதைப் பார்த்தும் முடியுங்கள்.

4. போர்டில் நியூட்ரல் இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள்

பிளேட்டைக் கழற்றி, எதையும் அவிழ்க்கும் முன் போனில் இரண்டு படம் எடுங்கள், ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். பிளக் பாயின்ட் உள்ள போர்டு என்றால் நியூட்ரல் நிச்சயம் இருக்கும். சாக்கெட்டின் பின்னால் ‘என்’ என்று குறித்த முனைக்கு வருவது அதுதான். சுவிட்ச் மட்டுமே உள்ள போர்டில் பெரும்பாலும் ஒரு பேஸும், லைட்டுக்குப் போகும் வயர்களும் மட்டும் இருக்கும். நியூட்ரல் மேலேயே லைட்டோடு நின்றுவிட்டிருக்கும்.

நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று ஒரு வழக்கம். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல் என்று இன்னொன்று. இரண்டும் கலந்த வீட்டில் நீலம் என்ன என்று சுவரைக் கேட்க முடியாது. கையில் மிஞ்சிய வயரைப் போட்டு முடித்த வேலைகளும் ஏராளம்.

ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். கரண்ட் நின்ற நிலையில் வயர் நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வையுங்கள். கரண்டைப் போடுங்கள். மீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து, ஒரு கையால் மட்டும் அளந்துவிட்டுத் திரும்பவும் கரண்டை நிறுத்துங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அளவில் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம் முதல் சில வோல்ட் வரை.

டெஸ்டர் மட்டும் போதாது என்றதன் காரணம் இதோ. டெஸ்டர் எரியாத வயர் நியூட்ரலாக இருக்கலாம், எர்த்தாக இருக்கலாம், அணைத்து வைத்திருக்கும் வேறொரு லைட்டின் வயராகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது பெரிய ஏமாற்றுக்காரன். அந்த வயர் மேலே பல்பு வழியாக நியூட்ரலோடு சேர்ந்திருப்பதால், மல்டிமீட்டரில்கூட பேஸுக்கும் அதற்கும் நடுவே 230-க்குக் கிட்டத்தட்டக் காட்டும். அசல் நியூட்ரல் போலவே நடிக்கும்.

பிடிக்க எளிய வழி: போர்டில் உள்ள ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு சுவிட்சைப் போட்டதும் அந்த “நியூட்ரலில்” டெஸ்டர் எரிந்தால் அது நியூட்ரல் அல்ல, லைட் வயர். டெஸ்ட் லாம்பை வைத்தும் அறியலாம். பேஸுக்கும் சந்தேக வயருக்கும் நடுவே மாட்டினால், அசல் நியூட்ரல் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்து, எங்கோ ஒரு லைட்டோ ஃபேனோ சேர்ந்து உயிர் பெற்றால், லைட் வயர். ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமில்லாவிட்டால் விழும் பாதுகாப்பு சுவிட்ச்) படாரென்று விழுந்தால், நீங்கள் தொட்டது எர்த்.

5. நியூட்ரல் இல்லாவிட்டால்

மூன்று வழி இருக்கிறது, நான்காவதாகப் பலர் செய்வது ஒன்று இருக்கிறது. அந்த நான்காவதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி, பைப்பில் ஒரு நியூட்ரல் வயரை இழுத்துக் கொண்டுவருவது. அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருக்க வேண்டும். பக்கத்து அறையின் வேறு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கினால், ஒரு எம்சிபி-யை இறக்கிவிட்டு “நின்றுவிட்டது” என்று நம்பி அந்த நியூட்ரலை அவிழ்ப்பவருக்கு அடுத்த சர்க்யூட்டின் கரண்ட் காத்திருக்கும். தனித்தனி ஆர்சிசிபி உள்ள வீட்டில் கணக்கும் தப்பும். ஒரு ஆர்சிசிபியின் பேஸ் வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் நியூட்ரலில் திரும்பும். ஒரு இண்டிகேட்டருக்கு விழாது. நாளைக்கு அதே நியூட்ரலில் யாராவது ஒரு லைட்டையும் சேர்த்தால் விழும்.

இரண்டாவது வழி, ஆஃபில் எரியும் வகையோடு திருப்திப்படுவது. இண்டிகேட்டர் அணைந்திருந்தால் லைட் எரிகிறது என்று அர்த்தம். பழகிவிட்டால் இதுவும் ஒரு தகவல்தான். எல்இடி பல்பு இருந்தால் ஒரு தொல்லை வரும், அதைக் கடைசியில் சொல்கிறோம். மூன்றாவது, பிளக் பாயின்ட் உள்ள பக்கத்து போர்டுக்கு அந்த சுவிட்சையே மாற்றுவது. இரண்டும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் சில வீடுகளில் இதுவே எளிது.

செய்யக்கூடாதது: இண்டிகேட்டரின் காலை எர்த்தில் மாட்டுவது. எரியும். அதுதான் ஆபத்து, எரிவதால் சரி என்று விட்டுவிடுவார்கள். 0.8 மில்லி ஆம்பியருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அசையாது என்பதால் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். எங்காவது எர்த் வயர் விட்டுப்போனால், அந்த எர்த்தில் தொங்கும் இரும்புப் பெட்டிகளுக்கும் கருவிகளின் உடம்புக்கும் இண்டிகேட்டர் வழியாக மின்னழுத்தம் ஏறும். தொட்டால் சுரீரென்று இருக்கும். இப்படி ஏழெட்டு போர்டில் செய்திருந்தால் கசிவும் கூடிக்கொண்டே போகும்.

6. பழைய சுவிட்சை அவிழ்க்கும் வரிசை

பேஸ் முதலில், லைட் வயர் பிறகு. மாட்டும்போது தலைகீழ்: லைட் வயர், நியூட்ரல், கடைசியில் பேஸ். எவராவது தப்பித்தவறி கரண்டைப் போட்டாலும் போர்டின் உலோக முனைகள் குறைந்த நேரமே உயிரோடு இருக்கும் என்பதற்காக இந்தப் பழக்கம்.

இன்புட் முனையில் இரண்டு வயர் இருந்தால் பதற வேண்டாம். ஒன்று வரும் பேஸ், இன்னொன்று அடுத்த சுவிட்சுக்குப் போகும் லூப். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள். லூப்பை விட்டுவிட்டால் பக்கத்து சுவிட்சுகள் எல்லாம் செத்துவிடும், கோளாறு இண்டிகேட்டரில் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்புட் எது, அவுட்புட் எது என்று இந்த நேரத்திலேயே டேப் ஒட்டி எழுதுங்கள். ஒன் வே சுவிட்சுக்கு இரண்டு முனையும் சமம்தான், மாற்றி மாட்டினாலும் லைட் எரியும். இண்டிகேட்டருக்கு அப்படியல்ல.

7. இணைப்பு

வயர் நுனியை 8 முதல் 10 மி.மீ. உரியுங்கள். கூடுதலாக உரித்தால் முனைக்கு வெளியே செம்பு தெரியும். குறைவாக உரித்தால் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கடிக்கும், சில மாதத்தில் சூடாகும். இழை வயர் என்றால் லேசாக முறுக்குங்கள், ஒரு இழைகூட வெளியே நிற்கக்கூடாது. ஈயம் பூசாதீர்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்லத் தட்டையாகி இணைப்பு தளர்ந்துவிடும்.

அ. சுவிட்சின் அவுட்புட்டில் லைட் வயரையும், இண்டிகேட்டருக்குப் போகும் குட்டை லூப்பையும் சேர்த்து மாட்டுங்கள். லூப் 10–12 செ.மீ. போதும். நீளமாக விட்டால் பிளேட் மூடும்போது மடிந்து நசுங்கும்.

ஆ. அந்த லூப்பின் மறுமுனை இண்டிகேட்டரின் ஒரு காலுக்கு. ஏசி என்பதால் எந்தக் கால் என்ற பேதமில்லை, குறி ஏதாவது அச்சிட்டிருந்தால் மட்டும் அதன்படி மாட்டுங்கள்.

இ. இண்டிகேட்டரின் மறுகாலிலிருந்து நியூட்ரலுக்கு. சாக்கெட்டின் ‘என்’ முனையில் இடம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஸ்க்ரூ கனெக்டரில். நியூட்ரல் வயரைப் பாதியில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடாதீர்கள். அந்த முறுக்கு தளர்ந்தால் இண்டிகேட்டர் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே போகும்.

ஈ. கடைசியில் பேஸும் அதன் லூப்பும் சுவிட்சின் இன்புட்டில்.

சில இண்டிகேட்டர்கள் மெல்லிய வயர் ஒட்டியே வரும். அந்த வயரை 1.5 ஸ்கொயர் எம்எம் வயரோடு ஒரே முனையில் திணித்தால், ஸ்க்ரூ தடித்ததைப் பிடித்துக்கொண்டு மெல்லியதை விட்டுவிடும். மெல்லியதை இரட்டையாக மடித்து, ஸ்க்ரூவின் நுனி படும் பக்கமாக வைத்து இறுக்குங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஒன்று இன்னொன்றின் தளர்ச்சியை மறைத்துவிடும்.

மூன்று முனை சுவிட்ச் என்றால் ‘அ’வும் ‘ஆ’வும் உள்ளேயே முடிந்திருக்கும். பேஸ் இன்புட்டுக்கு, லைட் வயர் அவுட்புட்டுக்கு, நியூட்ரல் மூன்றாவதுக்கு. ராக்கர் சுவிட்சுகளில் பெரும்பாலும் ஒரு முனை மட்டும் பித்தளை நிறத்தில் தனித்துத் தெரியும், நியூட்ரலுக்கு உரியது அதுதான்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு ஒன்று: “நியூட்ரலும் சுவிட்சுக்கு வர வேண்டும்” என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, நியூட்ரலை நேராக சாதாரண சுவிட்சின் அவுட்புட்டில் லைட் வயரோடு மாட்டுவது. சுவிட்சைப் போட்ட நொடி பேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் மோதும். எம்சிபி விழும், சுவிட்சின் காண்டாக்ட் கருகும். நியூட்ரல் தொட வேண்டியது இண்டிகேட்டரின் காலை மட்டும்.

8. கரண்ட் போடும் முன் மீட்டரால் ஒரு சுற்று

பல்பைக் கழற்றுங்கள். குண்டு பல்பு குளிர்ந்த நிலையில் சில பத்து ஓம்தான் காட்டும், 60 வாட் என்றால் 70 ஓம் பக்கம். அது இருந்தால் ஷார்ட் எது, பல்பு எது என்று பிரித்தறிய முடியாது.

சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். மீட்டரை ஓம் அளவில் வைத்து அவுட்புட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாருங்கள். நியான் இண்டிகேட்டர் என்றால் இணைப்பே இல்லாதது போலத்தான் காட்டும். அது கோளாறு இல்லை. மீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டில் நியான் பற்றாது. பூஜ்யம் பக்கம் காட்டினால் நிறுத்துங்கள், மேலே சொன்ன தவறு நடந்திருக்கிறது. அவுட்புட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே சுவிட்ச் ஆனில் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும், ஆஃபில் மௌனம்.

இரும்புப் பெட்டி என்றால் எர்த் வயர் அதன் ஸ்க்ரூவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளேட்டை மூடுங்கள்.

9. கரண்ட் போட்டுப் பார்ப்பது

சுவிட்ச் ஆஃபில், பல்பு இல்லாமல் எம்சிபி-யைத் தூக்குங்கள். இண்டிகேட்டர் எரியக்கூடாது. சுவிட்சைப் போடுங்கள், எரிய வேண்டும். பல்பு இல்லாமலே எரிவதுதான் நியூட்ரல் இணைப்பு சரி என்பதற்குச் சாட்சி. அணைத்துவிட்டுப் பல்பை மாட்டி மறுபடி போடுங்கள். இந்த வரிசையில் செய்தால், எம்சிபி விழுந்தால் தவறு போர்டிலா மேலே ஹோல்டரிலா என்பது தானாகவே பிரிந்துவிடும்.

அணைத்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டரை வைத்து ஒரு முறை பாருங்கள். அங்கே இன்னும் பேஸ் இருந்தால் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்யூட் முழுக்கவே பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், பைலட் லைட் ஒன்றுமே தெரியாதது போல ஒழுங்காக எரிந்து அணையும். இண்டிகேட்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, டெஸ்டரால்தான் முடியும்.

10. சரியாக வராவிட்டால்

எப்போதும் எரிகிறது: இண்டிகேட்டரின் கால் அவுட்புட்டுக்குப் பதில் இன்புட்டில் இருக்கிறது. மூன்று முனை சுவிட்சில் பேஸும் லைட் வயரும் இடம் மாறினாலும் இதேதான்.

தலைகீழாக எரிகிறது: நியூட்ரலுக்குப் போக வேண்டிய கால் சுவிட்சின் இன்புட் பக்கம் சேர்ந்திருக்கிறது.

இண்டிகேட்டர் எரிகிறது, லைட் எரியவில்லை: பல்பு போயிருக்கலாம். பல்பு நன்றாக இருந்தால், லைட் வயரை அவுட்புட்டில் மாட்டாமல் இண்டிகேட்டரின் மறுகாலில் மாட்டியிருப்பீர்கள். இண்டிகேட்டரைத் தாண்டிப் போகும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த கரண்டில் பல்பு எரியாது. எல்இடி பல்பு அவ்வப்போது ஒரு மின்னல் வெட்டிக் காட்டும்.

வேறொரு லைட்டைப் போட்டால் பைலட் அணைகிறது: நியூட்ரல் என்று எடுத்தது அந்த லைட்டின் வயர். 4-ஆவது படிக்குத் திரும்புங்கள்.

லைட் எரிகிறது, இண்டிகேட்டர் எரியவில்லை: அதன் இரு கால்களிலும் மீட்டரை வையுங்கள். 230 இருந்தால் இண்டிகேட்டர் போய்விட்டது. இல்லையென்றால் ஏதோ ஒரு கால் தளர்ந்திருக்கிறது, பெரும்பாலும் அந்த மெல்லிய வயர்.

ஆஃபிலும் மங்கலாக மினுங்குகிறது: பைப்பில் பேஸோடு ஒட்டிக்கொண்டு நீண்ட தூரம் போகும் லைட் வயரில் லேசான மின்னழுத்தம் தூண்டப்படும். மிகக் குறைந்த கரண்டில் எரியும் எல்இடி இண்டிகேட்டர்களில் இது அதிகம் தெரியும், நியானுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

பழைய நியான் இருட்டில் மட்டும் துடிக்கிறது: வயதாகிவிட்டது. வெளிச்சம் படும்போது நியான் சுலபமாகப் பற்றும், இருட்டில் பற்ற இன்னும் கொஞ்சம் மின்னழுத்தம் கேட்கும். மாற்றிவிடுங்கள்.

ஆஃபில் எரியும் வகையை மாட்டிய பிறகு எல்இடி பல்பு சில நொடிக்கு ஒரு முறை கண் சிமிட்டுகிறது: இண்டிகேட்டர் வழியாகக் கசியும் கரண்ட் பல்புக்குள் உள்ள கப்பாசிட்டரை மெல்ல நிரப்புகிறது, நிரம்பியதும் ஒரு பொட்டு எரிந்து அணைகிறது. பல்பின் குற்றமில்லை. ஹோல்டர் பக்கம், பல்புக்கு இணையாக இதற்கென்றே விற்கும் பைபாஸ் கப்பாசிட்டரை மாட்டலாம். 0.1 மைக்ரோ ஃபாரட், எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று குறித்திருக்க வேண்டும். சாதாரண கப்பாசிட்டரை 230 வோல்ட்டில் தொங்கவிடுவது தீயை அழைப்பது. நியூட்ரலை இழுக்க வழியிருந்தால் பைலட் இணைப்புக்கே மாறிவிடுவது இதைவிட நல்லது.

11. டூ வே, டிம்மர், ஃபேன்

மாடிப்படி போல இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ள டூ வே வயரிங்கில், ஒரு சுவிட்சின் நடு முனைக்கு பேஸ் வரும், மற்றதன் நடு முனையிலிருந்து லைட் வயர் போகும். பைலட்டின் கால் இந்த இரண்டாவது சுவிட்சின் நடு முனையில்தான் இருக்க வேண்டும். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் இரண்டு வயர்களில் ஒன்றில் மாட்டினால், லைட் எரிந்தாலும் அணைந்தாலும் இண்டிகேட்டர் தன் இஷ்டத்துக்கு எரியும். இரண்டு பக்கமும் பைலட் வேண்டும் என்றால் லைட் வயரிலிருந்து முதல் போர்டுக்கு இன்னொரு வயர் இழுக்க வேண்டும். அங்கேயும் நியூட்ரல் வேண்டும்.

டிம்மரோ ஃபேன் ரெகுலேட்டரோ இருந்தால், பைலட்டை சுவிட்சுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டுங்கள். ரெகுலேட்டரைத் தாண்டி மாட்டினால், வேகத்தைக் குறைக்கும்போது நியான் துடிக்கும், குறைந்த வேகத்தில் பற்றாமலே இருந்துவிடும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், பைலட் அணைந்திருக்கும்.

வாட்டர் ஹீட்டருக்கும் இதே இணைப்புதான். சுவிட்ச் மட்டும் 16 அல்லது 20 ஆம்பியர், வயர் 2.5 அல்லது 4 ஸ்கொயர் எம்எம். அந்தத் தடித்த வயரோடு இண்டிகேட்டரின் மெல்லிய காலை ஒரே முனையில் திணிப்பது லைட் சுவிட்சில் இருப்பதைவிட இங்கே பெரிய தப்பு. முனை தளர்ந்தால் 10 ஆம்பியருக்கு மேல் ஓடும் கரண்டில் பிளாஸ்டிக் உருகும். இரண்டாவது வயருக்கென்று தனி ஸ்க்ரூ உள்ள சுவிட்சையோ, இண்டிகேட்டர் உள்ளேயே உள்ள டபுள் போல் சுவிட்சையோ (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுவது) வாங்குங்கள். மாட்டி ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு கரண்டை நிறுத்திவிட்டு அந்த ஸ்க்ரூக்களை மட்டும் இன்னொரு முறை இறுக்குங்கள். சூடாகிக் குளிர்ந்த செம்பு முதல் சில நாளில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும், ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே போகும்.